ஸ்ட்ராட் கிதாரில் ஹம்: எந்த அறிகுறிக்கு என்ன வைத்தியம், எந்த பிக்அப்

ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர்) வகைக் கிதாரின் சிங்கிள் காயில் பிக்அப் என்பது சில காந்தத் துண்டுகளைச் சுற்றி, தலைமுடி அளவே தடிமனுள்ள செம்புக் கம்பியை ஏறத்தாழ 8,000 சுற்று சுற்றியது. தந்தி அதிரும்போது மாறும் காந்தப்புலம் அதில் மின்சாரமாகிறது. சுவருக்குள் ஓடும் வயர், ஆம்ப்பின் டிரான்ஸ்பார்மர் ஆகியவற்றிலிருந்து கிளம்பும் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலமும் அதே காயிலில் மின்சாரமாகிறது. கொர்ரென்று அடித்தொனியில் ஒலிக்கும் இதுதான் அசல் ஹம். "நாய்ஸ்லெஸ்" என்று விற்கப்படும் பிக்அப்புகள் தீர்த்துவைப்பது இந்த ஒன்றை மட்டும்தான். அறுந்த எர்த் வயர், ஃபேன் ரெகுலேட்டர், லேப்டாப் சார்ஜர் ஆகியவற்றால் வரும் சத்தத்துக்கு பிக்அப்பை மாற்றினால் பணம் போகும், சத்தம் அப்படியே இருக்கும்.

ஆகவே முதலில் சோதனை, பிறகு கடை. தேவையானவை: ஒரு மல்டிமீட்டர், நல்லது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு கேபிள், ஒரு ஸ்க்ரூடிரைவர். பெடல்களையெல்லாம் கழற்றிவிட்டு, கிதாரை நேராக ஆம்ப்பில் செருகுங்கள். கெய்னை (சிக்னலை எவ்வளவு பெரிதாக்குவது என்ற குமிழ்) பாதிக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

கிதாரின் வால்யூமை பூஜ்யத்துக்குக் குறைத்தாலும் சத்தம் போகவில்லை

அப்படியென்றால் பிக்அப் குற்றவாளி அல்ல. வால்யூம் பூஜ்யத்தில் ஹாட் முனை, அதாவது சிக்னலைச் சுமக்கும் முனை, கிரவுண்டோடு சேர்ந்துவிடுகிறது. பிக்அப்பில் என்ன நடந்தாலும் வெளியே வராது. கேபிளை மாற்றிப் பாருங்கள். ஜாக்கின் நட்டு தளர்ந்து, உள்ளே ஜாக் முழுவதுமாகச் சுற்றி, வயர் பாதி அறுந்து தொங்குவது ஸ்ட்ராட்டில் சகஜம். அதுவும் இல்லையென்றால் கேபிளையே ஆம்ப்பிலிருந்து உருவிவிடுங்கள். இன்னும் உறுமினால் ஆம்ப்தான்: பழைய வால்வ் ஆம்ப் என்றால் பவர் சப்ளையின் வடிகட்டும் கெபாசிட்டர்கள் களைத்திருக்கலாம். அது 100 ஹெர்ட்ஸ் உறுமலாகக் கேட்கும், அசல் ஹம்மைவிட ஒரு ஆக்டேவ் மேலே. ஆம்ப்பைத் திறப்பது தெரிந்தவர் வேலை. அணைத்த பிறகும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

கம்ப்யூட்டர் வழியாக வாசிப்பவர்கள் லேப்டாப் சார்ஜரை உருவி, பேட்டரியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சத்தம் நின்றால் அது சார்ஜர் அல்லது கிரவுண்ட் லூப் (கிரவுண்ட் இரண்டு வழிகளில் இணைந்து உண்டாகும் வளையம்). பெடல்களைத் திரும்ப இணைத்ததும் மட்டும் சத்தம் வந்தால், ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்து எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுப்பதுதான் பெரும்பாலும் காரணம். டிஜிட்டல் பெடல் ஒன்று அந்த வரிசையில் இருந்தால் மெல்லிய விசில் போலக்கூடக் கேட்கும். ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட வெளியீடு உள்ள பவர் சப்ளை இதற்குத் தீர்வு.

தந்தியைத் தொட்டால் சத்தம் குறைகிறது, கையை எடுத்தால் கூடுகிறது

இதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். கிதார் சரியாக வயரிங் செய்யப்பட்டிருக்கிறது என்பதற்கான அடையாளம்தான் இது. அறையிலுள்ள மின்புலத்தை உங்கள் உடம்பு ஆன்டெனாவாக வாங்கி, பக்கத்திலுள்ள வயரிங்குக்குக் கடத்துகிறது. தந்தியைத் தொட்டதும் உடம்பு கிரவுண்டாகிவிடுவதால் அது அடங்குகிறது. வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்தால் உட்குழிக்கு செம்பு டேப் ஒட்டினால் குறையும். அதைப் பிறகு பார்ப்போம்.

தந்தியைத் தொட்டால் மாற்றமில்லை, ஆனால் கேபிளின் உலோகத் தலையைத் தொட்டால் குறைகிறது என்றால் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் போகும் கிரவுண்ட் வயர் அறுந்திருக்கிறது. ஸ்ட்ராட்டின் பின்மூடியைக் கழற்றினால் டிரெமோலோ ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும் நகம் போன்ற தகடு தெரியும். அதில்தான் அந்த வயர் சால்டர் ஆகியிருக்கும். பிரிட்ஜுக்கும் ஜாக்கின் வெளிமுனைக்கும் இடையே மல்டிமீட்டர் ஓரிரு ஓம்களுக்கு மேல் காட்டக்கூடாது.

தொட்டால் சத்தம் கூடுகிறது என்றால் இரண்டு சாத்தியம். ஒன்று, ஜாக்கில் ஹாட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கின்றன. சால்டர் இரும்பை வைத்து ஐந்து நிமிடத்தில் சரிசெய்யலாம். இன்னொன்று ஆபத்தானது: சுவர் பிளக்கில் எர்த் இல்லை. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகியிருந்தாலும், சாக்கெட்டில் எர்த் துளை இருந்து பின்னால் வயரே இல்லாமல் இருந்தாலும் இதுவே நடக்கும். தந்தியில் கை சுருக்கென்று குத்தினாலோ மைக்கில் உதடு பட்டதும் ஷாக் அடித்தாலோ அன்றைய வாசிப்பை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஹம் போகிறதே என்று ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது உயிரோடு விளையாடுவது.

கொர்ர் என்ற அடித்தொனி இல்லை, கூர்மையான ரீங்காரம் மட்டும்

டிம்மர், மின்னணு ஃபேன் ரெகுலேட்டர், மலிவான எல்இடி விளக்கின் டிரைவர் ஆகியவை மின்னலையைத் துண்டு துண்டாக வெட்டுகின்றன. வெட்டிய விளிம்பு ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் வரை நீளும் சத்தத்தை உமிழும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் ரீங்காரம் வந்தால், அது சதுர அலை இன்வெர்ட்டராக இருக்கும். கிதாரில் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இந்த வகைச் சத்தத்தில் பெரும்பகுதி மின்புலமாக வருவது. எனவே இங்கே செம்பு டேப் உண்மையாகவே உதவும்.

உட்குழி முழுவதும், பிக்கார்டின் (பிக்அப்புகள் மாட்டியிருக்கும் முன்பக்கத் தகடு) அடிப்பக்கம் முழுவதும் ஒட்ட வேண்டும். பசையும் மின்சாரம் கடத்தும் வகை டேப்பாக வாங்குங்கள். சாதாரணப் பசை என்றால் துண்டுகள் ஒன்றோடொன்று தொடர்பற்று நிற்கும். அப்போது ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பொட்டு சால்டர் வைக்க வேண்டும். கடைசியில் எந்த இரு மூலைகளுக்கு இடையிலும் ஒரு ஓமுக்குக் கீழே வர வேண்டும், மொத்தமும் கிரவுண்டோடு சேர வேண்டும். ஸ்விட்சின் ஹாட் முனையோ ஜாக்கின் நுனியோ டேப்பில் படாமல் இருக்க அந்த இடங்களில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். ஒட்டி முடித்துக் கிதாரை மூடியதும் சத்தமே வரவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

உட்கார்ந்த இடத்திலேயே கிதாரைத் திருப்பினால் ஹம் கூடிக் குறைகிறது

இதுதான் நாம் தேடும் அறிகுறி. சுழல் நாற்காலியில் உட்கார்ந்து மெல்லச் சுற்றுங்கள். ஒரு திசையில் ஹம் ஏறக்குறைய மறைந்து, அதற்குச் செங்குத்தான திசையில் உச்சத்துக்குப் போனால் அது காந்தப்புலம். அதைக் காயில் நேரடியாக வாங்குகிறது. 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்துக்கு மெல்லிய செம்பு டேப் ஒரு தடையே அல்ல. எத்தனை அடுக்கு ஒட்டினாலும் ஊடுருவி வரும். டேப் ஒட்டியும் ஹம் போகவில்லை என்று புலம்புவோர் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது.

இரண்டாவது சான்று, ஐந்து நிலைகள் உள்ள செலக்டர் ஸ்விட்ச். 1, 3, 5 நிலைகளில் பிரிட்ஜ், நடு, நெக் பிக்அப்புகள் தனித்தனியாக ஒலிக்கும்; 2-ல் பிரிட்ஜும் நடுவும், 4-ல் நடுவும் நெக்கும் சேர்ந்து ஒலிக்கும். 2-வது, 4-வது நிலைகளில் ஹம் நின்று, 1, 3, 5-ல் வந்தால் உங்கள் நடு பிக்அப் எதிர்த்திசையில் சுற்றி, காந்தத்தையும் தலைகீழாக வைத்தது. இரண்டு காயில்களிலும் ஹம் எதிரெதிராக வந்து அழிகிறது. தந்தியின் ஒலி மட்டும் கூடுகிறது. சேத் லவர் கிப்சனுக்காக 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கரின் தத்துவமும் இதுவே. ஹம் இல்லாத பிக்அப் எதுவானாலும் அதற்குள் எங்கோ ஓரிடத்தில் இரண்டாவது காயில் ஒளிந்திருக்கும். அதை எங்கே ஒளித்தார்கள் என்பதில்தான் ஒலி வேறுபடுகிறது.

வாங்கும் முன் இலவச வைத்தியம் ஒன்று: ஆம்ப்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி உட்காருங்கள். டிரான்ஸ்பார்மரின் புலம் தூரத்தில் வேகமாகத் தேயும். வீட்டில் சுத்தமான ஒலியில் மட்டும் வாசிப்பவருக்கு இதுவே போதுமானதாக இருக்கலாம்.

எதை வாங்குவது

அடுக்கு வகை. ஒரு காயிலுக்கு அடியில் இன்னொன்று. மேல் காயில் தந்தியையும் ஹம்மையும் கேட்கும். கீழ் காயில் பெரும்பாலும் ஹம்மை மட்டும். ஃபெண்டரின் விண்டேஜ் நாய்ஸ்லெஸ், டிமார்ஜியோவின் விர்ச்சுவல் விண்டேஜ் வரிசை, சீமோர் டங்கனின் கிளாசிக் ஸ்டாக் பிளஸ் ஆகியவை இந்தக் குடும்பம். பார்வைக்குப் பழைய பிக்அப் போலவே ஆறு முனைகள் தெரியும். சிங்கிள் காயிலின் மணியோசை வேண்டும், ஆனால் ஹம் வேண்டாம் என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பதிலுக்கு இழப்பது என்னவென்றால், உச்ச ஸ்தாயியில் கொஞ்சம் காற்று குறையும். பிக்கால் தட்டியதும் எழும் முதல் கூர்மை சற்று மழுங்கும். அடியில் ஒரு காயில் கூடுவதால் உயரமும் அதிகம். மலிவான கிதார்களில் குழி ஆழம் குறைவாக இருக்கும் என்பதால், பிக்கார்டைக் கழற்றி ஆழத்தை அளந்து தயாரிப்பாளரின் அளவுப் படத்தோடு ஒப்பிட்ட பிறகே பணம் கட்டுங்கள்.

பக்கத்துப் பக்க வகை. சிங்கிள் காயில் உருவத்துக்குள் இரண்டு மெலிந்த காயில்கள், பெரும்பாலும் நீளமான இரும்புப் பட்டைகளோடு. டங்கன் ஹாட் ரெய்ல்ஸ், டிமார்ஜியோ ஃபாஸ்ட் டிராக், சாப்பர் இந்த ரகம். இவை உண்மையில் சிறுத்த ஹம்பக்கர்கள். கனமான டிஸ்டார்ஷனுக்குப் பிரிட்ஜில் வைக்க அருமை. ஸ்ட்ராட்டின் 2, 4 நிலைகளின் அந்த "க்வாக்" ஒலியை இவற்றிடம் எதிர்பார்ப்பது வீண். பட்டை என்பதால் தந்தி இடைவெளி 50 மில்லிமீட்டரா 52-ஆ என்ற கவலை இல்லை.

நீளவாக்கில் பிரித்த வகை. மூன்று தந்திகளுக்கு ஒரு காயில், அடுத்த மூன்றுக்கு எதிர்க் காயில். 1957-ல் ஃபெண்டர் பிரிசிஷன் பாஸ் இந்த அமைப்புக்கு மாறியது. கிதாரில் ஃப்ராலினின் ஸ்ப்ளிட் பிளேடு இதைச் செய்கிறது. ஒவ்வொரு தந்தியையும் ஒரே காயில்தான் கேட்கிறது என்பதால் பக்கத்துப் பக்க வகையைவிடத் தெளிவு அதிகம்.

ஆக்டிவ் வகை. இஎம்ஜி எஸ்ஏ இதற்குப் பெயர் பெற்றது. டேவிட் கில்மோரின் சிவப்பு ஸ்ட்ராட்டில் இருந்தவை இவைதான். சத்தம் மிகக் குறைவு, நீண்ட கேபிளிலும் ஒலி மங்காது. ஆனால் 9 வோல்ட் பேட்டரிக்கு இடம் வேண்டும், பாட்கள் (வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியிலுள்ள மாறும் ரெசிஸ்டர்கள்) 25 கிலோ ஓமுக்கு மாற வேண்டும், ஜாக் ஸ்டீரியோ வகையாக வேண்டும். வாசிக்காதபோது கேபிளை உருவாமல் விட்டால் பேட்டரி தீர்ந்துவிடும். ஆக்டிவையும் சாதாரண பிக்அப்பையும் ஒரே கிதாரில் கலப்பது தலைவலி. 25 கிலோ ஓம் பாட் சாதாரண பிக்அப்பை மங்கடித்துவிடும், 250 கிலோ ஓம் பாட்டில் ஆக்டிவ் பிக்அப்பின் வால்யூம் சுவிட்ச் போட்டது போல் திடீரென்று குறையும்.

லேஸ் சென்சார் ஒரு தனிப்பிறவி. 1987-ல் ஃபெண்டரின் ஸ்ட்ராட் பிளஸ்ஸோடு வந்தது. ஹம் கணிசமாகக் குறையும், முற்றாகப் போகாது. மௌனம்தான் முதல் தேவை என்றால் இது விடை அல்ல.

இருக்கும் பிக்அப்புகளின் ஒலியில் கொஞ்சமும் கைவைக்க மனமில்லை என்றால், பின்மூடியில் பெரிய வெற்றுக் காயில் பொருத்தி ஹம்மை மட்டும் கழிக்கும் முறை உண்டு. சூர் நிறுவனத்தின் எஸ்எஸ்சி இப்படி வேலை செய்வது. ஒலிக்கு மிக விசுவாசமானது இதுவே, நிறுவுவதில் மிகவும் படுத்துவதும் இதுவே.

பிக்அப்பின் விவரத்தாளில் உள்ள எண்களை எப்படிப் படிப்பது? சாதாரண ஸ்ட்ராட் பிக்அப் 5.5 முதல் 6.5 கிலோ ஓம். அடுக்கு வகையில் மீட்டர் இரண்டு காயிலையும் சேர்த்துக் காட்டும்; ஆகவே 11 கிலோ ஓம் என்று பார்த்து "இது பலமான வெளியீடு தரும் பிக்அப்" என்று முடிவு கட்டாதீர்கள். இண்டக்டன்ஸ் கொடுத்திருந்தால் அதை நம்புங்கள்: 2 முதல் 2.7 ஹென்றிக்குள் இருந்தால் பழைய ஸ்ட்ராட்டின் பிரகாசம், 4-க்கு மேல் போனால் ஹம்பக்கர் குணம்.

இனி ஒரு எச்சரிக்கை. பிரிட்ஜ் பிக்அப்பை மட்டும் மாற்றி மற்ற இரண்டையும் விட்டால், இதுவரை மௌனமாக இருந்த 2-வது நிலை இனி ஹம் அடிக்கும். முன்பு நடு பிக்அப்பின் ஹம்மை அழிக்க பிரிட்ஜின் எதிர் ஹம் இருந்தது. இப்போது பிரிட்ஜ் மௌனம், நடுவுக்குத் துணை இல்லை. அந்த நிலையைத் தொடவே மாட்டேன் என்பவரைத் தவிர மற்றவர்களுக்கு மூன்றையும் ஒரே தொகுப்பாக மாற்றுவதே நல்லது.

டெலிகாஸ்டர்காரர்களுக்கு ஒரு குறிப்பு: பழைய பிரிட்ஜ் பிக்அப்பின் அடித்தகடு வழியாகத்தான் பிரிட்ஜ் கிரவுண்டாகிறது. தகடில்லாத புது பிக்அப் போட்டால் பிரிட்ஜுக்குத் தனி வயர் இழுக்க வேண்டும். பி-90 (கிப்சனின் அகலமான சிங்கிள் காயில் பிக்அப்) வைத்திருப்போர், ஹம்பக்கர் அளவில் வரும் டங்கன் ஃபேட் கேட்டை ஹம் இல்லாதது என்று நினைத்து வாங்காதீர்கள். அதற்குள் இருப்பது ஒரே காயில்தான்.

பொருத்துதல்

பழைய வயரிங்கைப் போட்டோ எடுத்துக்கொண்டு, தந்திகளைத் தளர்த்தி பிக்கார்டைத் திருப்புங்கள். 40 வாட் இரும்பு, அகன்ற முனை, ரோசின் உள்ளடங்கிய 60/40 ஈயம். அமிலப் பசை ஃப்ளக்ஸ் வேண்டவே வேண்டாம். சில மாதங்களில் அரித்துவிடும். பாட்டின் முதுகில் சால்டர் ஒட்டாவிட்டால் உப்புத்தாளால் தேய்த்து, இரும்பை வைத்து மூன்று நான்கு விநாடி சூடேற்றிய பிறகு ஈயம் கொடுங்கள். நீண்ட நேரம் வறுத்தால் பாட் செத்துவிடும்.

நான்கு வயர் பிக்அப் என்றால் நிற வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டங்கனில் கறுப்பு ஹாட். சிவப்பும் வெள்ளையும் ஒன்றோடொன்று மட்டும் சேர்த்து டேப் சுற்ற வேண்டும். பச்சையும் வெறுங்கம்பியும் கிரவுண்ட். டிமார்ஜியோவில் சிவப்பு ஹாட். கறுப்பும் வெள்ளையும் சேர வேண்டும். பச்சையும் வெறுங்கம்பியும் கிரவுண்ட். அடுக்கு வகைகளுக்குப் பழைய 250 கிலோ ஓம் பாட்களே பெரும்பாலும் ஒத்துப்போகும். ஹாட் ரெய்ல்ஸ் போன்றவற்றுக்கு 500.

தந்தி மாட்டுவதற்கு முன், கேபிளைச் செருகி மறுமுனையில் மீட்டரை வைத்து ஒவ்வொரு நிலையிலும் அளந்துவிடுங்கள். வால்யூம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். வால்யூம் பாட் இணையாக இருப்பதால் தாளில் உள்ளதைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும். 6 கிலோ ஓம் பிக்அப் 250 பாட்டோடு 5.86 காட்டும்.

புது பிக்அப் போட்ட பிறகும் ஹம், ஒலியும் பலவீனம்

அளவைப் பாருங்கள். எதிர்பார்த்ததில் ஏறக்குறைய பாதிதான் வந்தால் ஒரு காயில்தான் வேலை செய்கிறது. தொடர் இணைப்புக்கான இரண்டு வயர்களையும் தவறுதலாகக் கிரவுண்டில் சேர்த்திருப்பீர்கள், அல்லது டங்கன் பிக்அப்பை டிமார்ஜியோ நிறப்படி கட்டியிருப்பீர்கள். அப்போது கறுப்பும் வெள்ளையும் சேர்ந்து ஒரு காயில் தனக்குத்தானே ஷார்ட் ஆகிவிடும்.

இதன் மறுபக்கம் இன்னும் தந்திரமானது. டிமார்ஜியோவை டங்கன் நிறப்படி கட்டினால் மீட்டர் சரியான அளவையே காட்டும். ஆனால் ஒரு காயில் தலைகீழாகச் சேர்ந்திருக்கும்: தந்தியின் ஒலி கழிந்து தகர டப்பா போல் மெலியும், ஹம் இரட்டிக்கும். மெலிந்த ஒலி, கூடிய ஹம் என்ற இரண்டும் ஒரே பிக்அப்பில் சேர்ந்து வந்தால் வேறெதையும் தேடாதீர்கள்.

தனித்தனியே நன்றாக இருக்கிறது. 2, 4 நிலைகளில் மட்டும் குழியாக, மூக்கால் பேசுவது போல்

இது இரண்டு பிக்அப்புகளுக்கு இடையேயான ஃபேஸ் பிரச்சினை: ஒன்றின் சிக்னல் மற்றதற்கு எதிர்த்திசையில் வந்து அதைக் கழிக்கிறது. வெவ்வேறு கம்பெனிகளைக் கலந்தால் அடிக்கடி வரும். ஒரு பிக்அப்பை மட்டும் தேர்ந்து, மீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்து, ஸ்க்ரூடிரைவரை பிக்அப் மீது வைத்துச் சட்டென்று உயரே இழுங்கள். எண் ஒரு கணம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். முள் மீட்டரில் இன்னும் தெளிவாகத் தெரியும். மற்றவற்றிலும் அதே திசை வர வேண்டும். மாறியிருப்பதன் ஹாட்டையும் கிரவுண்டையும் மாற்றிப் போடுங்கள். டங்கனில் என்றால் கறுப்பும் பச்சையும் இடம் மாறும். வெறுங்கம்பி எப்போதும் கிரவுண்டிலேயே இருக்கட்டும். அதையும் சேர்த்து மாற்றினால் கவசமே ஹாட்டாகி ரீங்காரம் வாங்கத் தொடங்கும். உள்ளேயே கவசமும் கிரவுண்டும் சேர்த்து இரண்டே முனைகளோடு வரும் பிக்அப் என்றால், அதை விட்டுவிட்டு மற்ற பிக்அப்புகளைப் புரட்டுவதே சுலபம்.

ஹம் போய்விட்டது, ஒலி மந்தமாகிவிட்டது

உயரத்தைச் சரிசெய்யாமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்தி, தடித்த தந்திக்கு 3 மில்லிமீட்டர், மெல்லிய தந்திக்கு 2.4 என்று தொடங்கி, கால் திருகாக ஏற்றி இறக்குங்கள். அதிக நெருக்கமும் மந்தத்தைத் தரும். அடுத்தது கேபிள்: மீட்டருக்கு நூறு பிகோஃபாரட் அளவில் கெபாசிட்டன்ஸ் சேர்வதால், 6 மீட்டர் கேபிளை 3 மீட்டராகக் குறைத்தாலே மேல் ஸ்தாயி திரும்பும். வால்யூம் பாட்டை 500-ஆக மாற்றுவது கடைசி வழி. இப்படிச் செய்தால் வால்யூமைக் குறைக்கும்போது மங்குவது கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மேல் ஃப்ரெட்டுகளில் ஒரு சுரத்துக்குள் இரண்டு சுரம் அலைவது போல் கேட்கிறது

காந்தம் தந்தியை இழுக்கிறது. நெக் பிக்அப்பின் தடித்த தந்திப் பக்கத்தை முதலில் இறக்குங்கள். அலைவு நின்ற இடத்திலிருந்து இன்னும் கால் திருகு இறக்கி நிறுத்தலாம்.

அதிக கெய்னில் விசில், அல்லது உஸ் என்ற சத்தம்

இரண்டும் வேறு. பிக்அப் உறையை நகத்தால் தட்டினால் ஆம்ப்பில் டொக் டொக்கென்று பலமாகக் கேட்டு, கெய்னை ஏற்றியதும் அலறினால் உள்ளே ஏதோ தளர்ந்து அதிர்கிறது. ஏந்தும் ஸ்பிரிங்குகளுக்குப் பதில் ரப்பர் குழாய்த் துண்டு போட்டுப் பாருங்கள். நிற்காவிட்டால் மெழுகில் ஊறவைக்க வேண்டும். மெழுகு 65 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது, தாண்டினால் கம்பி சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் பாபின் வளையும். புது பிக்அப் என்றால் இதைச் செய்யாமல் வாரண்டியில் திருப்பி அனுப்புங்கள். உஸ் சத்தமோ ஆம்ப், பெடல்களின் கெய்னில் பிறப்பது. எந்த பிக்அப்பாலும் அது போகாது. வாசிக்காத நேரத்தில் சத்தத்தை அடைக்கும் நாய்ஸ் கேட் ஒன்றைச் சேர்த்து, இரண்டு டிஸ்டார்ஷன் பெடல்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவதைக் குறைத்தால் மட்டுமே அடங்கும்.